மஞ்சள் சார்ஜர்

பிரிந்தபோது மஞ்சள் பேட்டரிகள் ஆறையும்
கர்ட் எடுத்துக்கொண்டான்.
சார்ஜரைச் சுவரிலேயே விட்டுப் போனான்.
வழக்கறிஞரின் பட்டியலில்
டிராக்டர் இருந்தது, தானியக் குதிர்கள் இருந்தன,
நாற்பது மாடுகள் காது எண்ணோடு இருந்தன.
பேட்டரி என்று ஒரு வரி இல்லை.

இப்போது ஏப்ரல்.
சஸ்காட்செவனில் பனி
பள்ளங்களில் மட்டும் அழுக்காய்க் கிடக்கிறது.
விதைப்பு வண்டியின் இடது சக்கரத்தில்
பத்து நட்டு; நான்கு குளிர்காலத்துத் துரு.
ஸ்பானரில் நாலடிக் குழாயைச் செருகி
அதன்மேல் ஏறி நின்றேன்.
அறுபத்தெட்டுக் கிலோ நான்.
நான் விடாக்கண்டி, அது கொடாக்கண்டன்.
கடைசியில் இறங்கியது நான்தான்.

பக்கத்துப் பண்ணை ஆர்னே
தன் சிவப்பு ரெஞ்சைத் தருவார்,
கூடவே அரைமணி நேரம் கர்டைப் பற்றியும் தருவார்.
இரவல் சீலையை நம்பி
இடுப்புக் கந்தையை எறிந்தவள் கதை
எனக்கும் தெரியும்.
எழுபது கிலோமீட்டர் ஓட்டிக் கடைக்குப் போனேன்.

கல்லாவில் ரோவீனா. மேசையில் மூன்றை நிறுத்தினாள்.

பெரியதன் அட்டையில்
ஆயிரத்து நானூறு அடி-பவுண்டு, கொட்டை எழுத்தில்.
கீழே எறும்பெழுத்தில்: கழற்றும்போது மட்டும்.
"இறுக்க அவ்வளவு வராது" என்றாள்.
"இறுக்க யாருக்கு வேண்டும்" என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
அவளுக்கும் ஏதோ இருந்திருக்கும்.

பேட்டரியோடு மூன்றரைக் கிலோ.
அறுவடை இயந்திரத்துக்கு அடியில் மல்லாந்து
தலைக்கு மேல் பிடித்தால் மணிக்கட்டு என்னாகும்?
அங்கேயே, கடைத்தரையில் படுத்துப் பார்த்தேன்.
உரம் வாங்க வந்த இருவர்
தொப்பியைத் தொட்டு என்னைச் சுற்றிப் போனார்கள்.
பன்னிரண்டு எண்ணுவதற்குள் கை ஆடியது.

குட்டி ஒன்று. பட்டறை மேசைக்கு வைரம்;
சக்கர நட்டிடம் கெஞ்சிக்கொண்டு நிற்கும்.

நடுத்தரம் நீலம்.
அரை அங்குலத் தலை,
சாக்கெட்டை ஊசியால் அல்ல, வளையத்தால் பிடிக்கும்;
கையுறையோடு கழற்றலாம்.
கையில் எடுத்ததும் உள்ளங்கை சரி என்றது.
ஆனால் நீலம் என்றால்
பேட்டரி நீலம், சார்ஜர் நீலம்,
நாளைக்குக் கிரைண்டர், கிரீஸ் துப்பாக்கி, வேலியோரத்து ரம்பம்
ஒவ்வொன்றாய் வீடே நீலம்.
ஒரு கருவியை வாங்க வந்தவள்
ஒரு குடும்பத்தில் வாழ்க்கைப்படுகிறேன்.

கீழ்த்தட்டில் அதே அளவில் மஞ்சள் இருந்தது.
வந்ததிலிருந்து அதைப் பார்க்காமல் இருந்தேன்.
"உன்னிடம் சார்ஜர் இருக்கிறதே" என்றாள் ரோவீனா,
"நூற்றறுபது டாலர் மிச்சம்."
நூற்றறுபது டாலர் என்றால்
ஒரு பீப்பாய் எண்ணெயில் பாதி.
அந்தக் கணக்கை மூன்று முறை போட்டேன்.
மூன்று முறையும் மஞ்சளே வந்தது.

"ஜனவரியில் பேட்டரியை ஷெட்டில் போடாதே" என்றாள்,
"வீட்டுக்குள் கொண்டு போ.
உறைந்ததை உடனே சார்ஜில் போட்டால் செத்துவிடும்.
முதலில் சூடு ஆறுதலாய் ஏறட்டும்."
அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.

சுவரில் நான்கு மாதம் சும்மா தொங்கிய சார்ஜர்
புதிய பேட்டரியைக் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டது.
சிவப்பு கண்சிமிட்டியது. பிறகு பச்சை.

முதல் நட்டு.
தடதடதட என்று தகரக்கூரை மழைபோல் ஒரு சத்தம்,
ஒன்றுமே நடக்கவில்லை,
இன்னும் ஒன்றுமே நடக்கவில்லை,
சட்டென்று துருத்தூள் பொரிந்து
நட்டு மெதுவாக, சோம்பலாகச் சுழன்றது.
உரக்கக் கத்தினேன்.
மாடுகள் மட்டும் தலை தூக்கின.

இரவு, டயர் மாற்றி நட்டுகளைத் திருப்பிப் போடுகையில்
இயந்திரத்தை ஓரமாய் வைத்துவிட்டேன்.
எங்கே நிறுத்துவது என்று அதற்குத் தெரியாது.
கடைசிச் சுற்று கைரெஞ்சால், எதிரெதிராய்,
'டிக்' என்று அது போதும் சொல்லும்வரை.

ஆறாவது 'டிக்'கில் போன் அதிர்ந்தது.
கர்ட்: சார்ஜர் அங்கேதானே இருக்கிறது?

இன்னும் நாலு நட்டு பாக்கி.
கையெல்லாம் கிரீஸ்.